உப்பு நாற்காலி

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் எழுத்துப் பிழை இல்லாமல் நானே அதை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் வாசல் காவலாளி, "அப்படி யாரும் இங்க வேலை செய்யலையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். "உப்பு அக்காவைப் பார்க்கணும்" என்றால்தான் கதவு திறக்கும்.

எங்களுடையது பழக் கம்பெனி. சரியாகச் சொன்னால், உலர்ந்த பழம். அதையும் சரியாகச் சொன்னால், ஒரே ஒரு பழம். தாவரவியலில் ஷிசாண்ட்ரா என்பார்கள். எங்கள் வாயில் அது ஐஞ்சுவைப் பழம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கொடியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பழுத்தால் நல்ல சிவப்பு, காய்ந்தால் சுருங்கிக் கறுஞ்சிவப்பு. தோலிலும் சதையிலும் புளிப்பும் இனிப்பும் இருக்கும். விதையைக் கடித்தால் காரம், கசப்பு. எல்லாம் அடங்கி, இனி ஒன்றும் இல்லை என்று நினைக்கும் நேரத்தில் மெல்ல ஓர் உப்பு வந்துவிட்டுப் போகும். துவர்ப்பும் உண்டா இல்லையா என்று எங்களுக்குள் நெடுநாள் சண்டை. சுவை பார்க்கும் அறையில் ஐந்து நாற்காலிக்குத்தான் இடம் இருந்ததால், துவர்ப்பு இல்லை என்று முடிவாயிற்று.

ஆம், ஒரு சுவைக்கு ஒரு நாற்காலி. தோட்டக்காரர்கள் அனுப்பும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு கிண்ணம் பழம் மேசைக்கு வரும். கிண்ணத்தில் எண் மட்டும் ஒட்டியிருக்கும். எந்த எண் யாருடையது என்பது பதிவு எழுத்தரான எனக்கு மட்டும் தெரியும். ஐந்து பேரும் வெறும் ரொட்டித் துண்டைத் தின்று, வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்து, பழத்தை முழுசாக மென்று, அவரவர் சுவையை மட்டும் கவனிப்பார்கள். புளிப்பு நாற்காலிக்காரருக்குப் புளிப்பைத் தவிர எதைப் பற்றியும் பேச உரிமை இல்லை. தன் சுவை சரியாக இருந்தால் முன்னால் இருக்கும் குவளை அப்படியே நிற்கும். சரியில்லை என்றால் குவளையைக் கவிழ்க்க வேண்டும். ஒரு குவளை கவிழ்ந்தாலும் சரக்கு நின்றுவிடும். மறுபடி இரண்டு முறை பார்ப்பார்கள். மூன்று முறையும் கவிழ்ந்தால் சரக்கு தோட்டத்துக்கே திரும்பும். அந்தப் பருவம் முழுக்க அந்தத் தோட்டக்காரரிடம் வாங்குவதில்லை.

ஐவரில் கடினமான வேலை உப்புக்குத்தான். மற்ற நான்கும் கதவைத் தட்டிக்கொண்டு வரும். உப்பு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி வரும்.

உப்பு அக்கா முதலில் பொட்டலம் கட்டும் பகுதியில்தான் சேர்ந்தார். ஒரு நாள் கேன்டீனில் சூப்பை வாயில் வைத்துவிட்டு, "என்ன, இன்னைக்கு ரெண்டு பேர் சமையலா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"உப்பு ரெண்டு கையால விழுந்திருக்கு. ஒரே ஆள் போட்டா இப்படி வராது."

உள்ளே போய் விசாரித்தால், சமையல்காரர் உப்புப் போட்டதை மறந்து அவர் தம்பியும் கொஞ்சம் போட்டிருந்தார். அந்த வாரமே அக்காவை மேசைக்கு மாற்றினார்கள். அதன்பின் அவர் குவளை கவிழ்ந்தது மிக அபூர்வம். ஒரு முறை கவிழ்ந்தபோது, பழைய பழத்தை உப்புத் தண்ணீரில் அலசிப் புதுசு என்று அனுப்பிய ஆள் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து உப்பு அக்கா கவிழ்த்தால் கவிழ்த்ததுதான்.

விற்பனைப் பிரிவுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். சோர்வையும் மன அழுத்தத்தையும் தாங்க உடலுக்குக் கைகொடுப்பவை என்று சில மூலிகைகளைச் சொல்வார்கள். தகவமைப்பு மூலிகை என்று பெயர். இந்தப் பழம் அந்த வகை. பழைய வைத்தியத்தில் இருமல், களைப்பு, தூக்கமின்மை, கல்லீரல் என்று இதற்குப் பல வேலை கொடுத்திருக்கிறார்கள். இக்கால ஆய்வுகளிலும் கல்லீரலுக்கும் களைப்புக்கும் உதவலாம் என்று நம்பிக்கை தரும் முடிவுகள் சில உண்டு. ஆனால் அவற்றில் பல எலிகளிடம் பார்த்தவை; மனிதர்களிடம் பார்த்தவை சிறியவை. ஆகவே எங்கள் பொட்டலத்தில் "உதவக்கூடும்" என்று அச்சிட்டிருந்தோம். புதிதாக வந்த விற்பனை அதிகாரி அதை "குணமாக்கும்" என்று மாற்றலாம் என்றார்.

"குணமாகலைன்னா நீங்க போய் பதில் சொல்வீங்களா சார்?" என்றார் உப்பு அக்கா.

"அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க மேடம்."

"நான் கேட்பேன். எங்க வீட்டுக்காரருக்கே களைப்பு போகலை. தினம் சோபாவில அதோடதான் படுத்திருக்கார்."

பொட்டலத்தில் "உதவக்கூடும்" அப்படியே நின்றது.

அந்த வீட்டுக்காரர் ஒரு பிளம்பர். ஊரில் பாதிக் குழாய்கள் அவர் கையால் திருகப்பட்டவை. கைக்கு இருந்த நுணுக்கம் நாக்குக்கு இல்லை. மனைவி ஐஞ்சுவைப் பழத்தைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டால், எத்தனை வருஷமானாலும் ஒரே பதில்தான்: "புளிக்குது." மீதி நான்கும் அவர் வாசல் வரை வந்து ஆள் இல்லை என்று திரும்பிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "வீட்டில உப்பைக் குறைக்கணும்" என்றார்.

பிளம்பர் பக்கத்தில் இருந்த மனைவியைக் காட்டி, "இதுக்கு மேல எப்படி டாக்டர் குறைக்கிறது? ஏற்கெனவே மெலிஞ்சு போயிருக்கா" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

வெளியே வந்ததும் பிளம்பர் வேறு வழி தேடினார். "ஊருக்கே பழம் விக்கிறீங்க. எனக்கு ரெண்டு பிடி கொண்டு வந்தா போதாதா? இந்த மாத்திரை, பத்தியம் எல்லாம் எதுக்கு?"

"பழம் பழம்தான். மாத்திரை மாத்திரைதான்."

"நல்லதுதானே? நீதான் தினம் குடிக்கிறே."

அவர் குடிப்பது உண்மை. இரவு ஒரு சிட்டிகைப் பழத்தைக் குளிர்ந்த நீரில் ஊறப் போடுவார். காலையில் நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். தேன் விட்டுக் குடிப்பார். கொதிக்க வைத்தால் கசப்பும் காரமும் மேலே ஏறிக்கொண்டு மற்றவற்றைப் பேச விடாது என்பது அவர் கணக்கு. ஆனாலும் அவர் அங்கேயே திரும்பி உள்ளே போய் டாக்டரைக் கேட்டார். டாக்டர் தலையை ஆட்டினார். இந்தப் பழம் சில மருந்துகளை உடம்பு செலவழிக்கிற வேகத்தையே மாற்றக்கூடும்; தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக் கூடாது; கர்ப்பிணிகளும் நெஞ்செரிச்சல்காரர்களும் விலகி இருப்பதே நல்லது என்றார்.

"கேட்டீங்களா? உங்களுக்கு மாத்திரையும் உப்பில்லாச் சோறும்தான்."

"அப்ப உனக்கு?"

"எனக்கும் அதே."

"உனக்கு எதுக்கு? உனக்கு பிரஷர் இல்லையே."

"ரெண்டு பாத்திரத்தில சமைச்சா நீங்க எந்தப் பாத்திரத்தில கை வைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அன்றே வீட்டு உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. மாதச் சாமானோடு வழக்கம்போல வந்துகொண்டிருந்த உப்புப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் சேர்ந்தன. முதல் வாரம் பிளம்பர், முட்டையைப் பார்த்தும் ரொட்டியைப் பார்த்தும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். போகப் போகப் பழகிவிட்டது. ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அக்கா மேசையில் அதைப் பெருமையாகச் சொல்வார்.

பழம் காய்ந்து புதுப் பருவத்தின் முதல் சரக்கு வந்தது. முதல் கிண்ணம் மேசைக்குப் போயிற்று. ஐவரும் மென்றார்கள். புளிப்பு நின்றது, இனிப்பு நின்றது, காரமும் கசப்பும் நின்றன. உப்பு அக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடி இருந்தார். பிறகு குவளையைக் கவிழ்த்தார்.

மற்ற நான்கு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மேற்பார்வை மேடம், "நிச்சயமா?" என்று கேட்டார்.

"அலசியிருக்காங்க மேடம். முதல் கடியிலேயே உப்பு வருது."

அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். மேட்டுத் தோட்டம். அதன் சொந்தக்காரி, பிளம்பரின் அக்கா. அதாவது உப்பு அக்காவின் நாத்தனார். வாயைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.

மறுநாள் மேடம் அதே பழத்துக்கு வேறு எண் போட்டு, வேறு கிண்ணத்தில் வைத்தார். உப்பு அக்கா மறுபடியும் கவிழ்த்தார். வேறு எண் போட்டும் பிடித்துவிட்டாரே என்று எல்லோரும் வியந்தார்கள். சந்தேகம் இருந்தவர்களுக்கும் அது தீர்ந்தது. மூன்றாவது முறை திங்கட்கிழமை. அதிலும் கவிழ்ந்தால் மேட்டுத் தோட்டத்தின் ஒரு வருஷப் பழம் திரும்பிப் போகும். உப்புத் தண்ணீரில் அலசினவள் என்ற பேரும் கூடவே போகும். அந்தப் பேர் ஒரு பருவத்தோடு போய்விடாது. நிபந்தனைப்படி, சரக்கு நிறுத்தப்பட்டதையும் எந்தச் சுவைக்காக என்பதையும் தோட்டக்காரருக்குத் தெரிவித்தோம்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வருஷா வருஷம் பழம் காயப்போட்டு முடிந்ததும் நாத்தனார், தம்பியையும் தம்பி மனைவியையும் சாப்பிடக் கூப்பிடுவார். இந்த வருஷமும் முன்பே கூப்பிட்டிருந்தார். அங்கே நடந்ததை உப்பு அக்காவும் பிளம்பரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததுமே நாத்தனார் ஆரம்பித்துவிட்டார். "வாம்மா. என் பழத்தை நிறுத்திட்டு என் வீட்டுக்கே சாப்பிட வந்திருக்கே. தைரியம்தான்."

"உங்க பழமா அண்ணி?" உப்பு அக்காவுக்கு அப்போதுதான் தெரியும். கையில் இருந்த பையைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார்.

"நடிக்காதே. உப்புன்னு நிறுத்தியிருக்காங்க. அந்த மேசையில உப்பு யாரு? நானா?"

"எண்தான் அண்ணி ஒட்டியிருக்கும். யாருதுன்னு எங்களுக்குத் தெரியாது."

"எல்லாம் அந்தக் குக்கர்தான். திருப்பிக் கொடுன்னு நாலு பேர் முன்னால கேட்டேன்ல, அந்தக் கோபம்."

குக்கர் விவகாரம் உண்மைதான். நாத்தனாரிடம் இரவல் வாங்கிய பெரிய குக்கர் ஒன்று உப்பு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. அது திரும்பிப் போகாத காரணம், அதன் கைப்பிடியைப் பிளம்பர் சரி செய்கிறேன் என்று கழற்றியதுதான்.

"அக்கா, முதல்ல சாப்பிடலாம். சண்டையைச் சாப்பிட்டுட்டுப் போடலாம்" என்றார் பிளம்பர்.

உட்கார்ந்தார்கள். சூப் வந்தது. தம்பி ஒரு கரண்டி வாயில் வைத்தார். உடனே தண்ணீர்க் குவளையைத் தேடினார். தம்பி மனைவியும் தேடினார். இருவர் கையும் ஒரே குவளையில் மோதியது.

"அக்கா, உப்புக் கை தவறிடுச்சா?"

"என்னது?" நாத்தனார் தன் கணவரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

அவர் நிதானமாக உறிஞ்சிவிட்டு, "எனக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேணும்னு தோணுது" என்றார்.

"பார்த்தியா! மேசையிலயும் உப்பு, சூப்பிலயும் உப்பு! புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சிட்டு வந்திருக்கீங்க!" நாத்தனார் எழுந்து உள்ளே போய், காய்ந்த பழத்தில் ஒரு கை அள்ளி வந்து தம்பி முன்னால் போட்டார். "இந்தாடா. உனக்குத்தான் ஒரு ருசியும் தெரியாதே. நீயே மென்னு சொல்லு. என் பழத்தில உப்பு இருக்கா?"

பிளம்பர் அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மென்றார். "புளிக்குது" என்றார்.

"அப்பாடா."

"இரு. விதை கொஞ்சம் காரமா இருக்கு. அப்புறம்... கடைசில உப்பு வருதே!"

அவர் முகத்தில் முதல் முறையாக வீட்டுக்கு வெளியே வந்த குழந்தையின் சந்தோஷம். நாத்தனார் முகத்தில் அது இல்லை. "நீயும் சேர்ந்துட்டியா? கூடப் பிறந்தவன்டா நீ!"

உப்பு அக்கா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இவருக்கு எப்பவாவது இந்தப் பழத்தில உப்பு தெரிஞ்சிருக்கா?"

"இவனுக்கா? இவனுக்குச் சர்க்கரையில இனிப்பு தெரிஞ்சாலே பெரிசு."

"நான் மாசக்கணக்கா உப்பில்லாமச் சமைக்கிறேன் அண்ணி. ரெண்டு பேரும் அதைத்தான் சாப்பிடுறோம். பழத்தில ஒண்ணும் இல்ல. கோளாறு எங்க வாயிலதான்."

நாத்தனார் அதை நம்பினாரா என்று தெரியாது. "நாளைக்கு உன் குவளை நிக்குதான்னு பார்க்கிறேன்" என்றார். சூப்பில் வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டு வீடு வந்தார்கள்.

திங்கள் காலை உப்பு அக்கா அறைக்குள் போகுமுன் மேடத்திடம் போய் நின்றார். வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று அவருக்குத் தெளிவாகியிருந்தது. பழம் நாத்தனாருடையது என்று இப்போது தெரியும். சும்மா குவளையை நிமிர்த்தி வைத்தால், சொந்தத்துக்காக நிமிர்த்தினார் என்பார்கள். கவிழ்த்தால் ஒரு நல்ல பழம் கெட்ட பேர் வாங்கிப் போகும். இரண்டில் எது நடந்தாலும் அவர் நாக்கை இனி யாரும் நம்ப வேண்டியதில்லை.

"மேடம், போன வருஷம் நான் சரின்னு விட்ட பழம் கிடங்கில சீல் வச்ச போத்தல்ல இருக்குமே. அதில சிலதையும் இதையும் தனித்தனியா, வரிசை மாத்தி ஐஞ்சு கிண்ணமா வைங்க. எது எதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

வைத்தோம். மேட்டுத் தோட்டத்துப் புதுப் பழம் ஒரு கிண்ணம். போன வருஷத்துப் பழம், வேறு வேறு தோட்டங்களிலிருந்து, நான்கு. கிண்ணத்துக்கு ஒரு குவளை. அவர் ஒவ்வொன்றாக மென்றார். முதல் குவளையைக் கவிழ்த்தார். இரண்டாவதைக் கவிழ்த்தார். ஐந்தும் கவிழ்ந்தன.

எண்களை நான் வாசித்ததும் புளிப்புக்காரர் வாய்விட்டு, "அடப் பாவமே" என்றார். சுவை தொடர்பில்லாத விஷயம் என்பதால் அதை யாரும் கண்டிக்கவில்லை.

எங்கள் தொழிலில் மட்டும் நடக்கக்கூடிய தவறு இது. தராசைச் சோதிப்போம். காயவைக்கும் அறையின் சூட்டைச் சோதிப்போம். பழத்தை மூன்று முறை சோதிப்போம். நாக்கை யாரும் சோதித்ததில்லை. அதுதான் அளவுகோல் என்று நினைத்துவிட்டோம். கிண்ணத்தின் எண்ணை மாற்றி வைத்து இரண்டாம் முறை பார்த்தபோதுகூட, அதே நாக்கைத்தான் மறுபடி கேட்டோம்.

அன்று உப்பு நாற்காலியில் புளிப்புக்காரர் உட்கார்ந்து பார்த்தார். மேட்டுத் தோட்டத்துக்குக் குவளை நின்றது. சரக்கு உள்ளே போயிற்று.

மேடம் உப்பு அக்காவைத் தனியே கூப்பிட்டு நல்லபடியாகவே சொன்னார். "சில வாரம் பழையபடி உப்புப் போட்டுச் சாப்பிடுங்க. நாக்கு திரும்பி வந்துடும். நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கும்."

"இப்ப என் நாக்கு முன்னைவிடக் கூர்மையாத்தானே இருக்கு மேடம்?"

"இருக்கு. ஆனா நம்ம பழத்தை வாங்குறவங்க எல்லாம் உங்க வீட்டுச் சமையலா சாப்பிடுறாங்க?"

உப்பு அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் பிளம்பர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ தாராளமா உப்புப் போட்டுச் சாப்பிடு. நான் எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"பார்த்துக்கிட்டு மட்டும் இருக்க மாட்டீங்க."

"உன் பேரே அந்த நாற்காலிலதான் வந்தது."

"பேர் எங்கேயும் போகாது. உங்க பிரஷர்தான் திரும்பி வரும்."

மறுநாள் உப்பு அக்கா மேடத்திடம், புளிப்புக்காரரும் தானும் இடம் மாறிக்கொள்வதாகச் சொன்னார். அவருடையது புளிப்பும் நன்றாகத் தெரிகிற நாக்குதான். உப்பின் அளவுக்குப் பேர் வாங்காமல் இருந்தது, அவ்வளவே. முதல் சில நாள் இருவரில் ஒருவர் மறந்து பழைய நாற்காலிக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த மற்றவர் மடியில் விழப் பார்த்தார். பெயர்கள் மட்டும் மாற மறுத்துவிட்டன. புளிப்பு நாற்காலியில் உப்பு அக்கா, உப்பு நாற்காலியில் புளிப்புக்காரர் என்று ஆகி, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்குவதே எனக்கு ஒரு வேலையாயிற்று. கூடவே ஒரு புது நடைமுறையும் வந்தது: ஒவ்வொரு பருவத்திலும் முதல் சரக்குக்கு முன்னால், போன வருஷத்துப் பழத்தைக் கொடுத்து ஐந்து நாக்கையும் சோதிக்க வேண்டும். அதற்குக் கம்பெனியில் வைத்த பெயர் 'சூப் பரீட்சை.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்பு அக்கா குக்கரைத் தூக்கிக்கொண்டு, பிளம்பரையும் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனார். கைப்பிடி மாட்டப்பட்டிருந்தது. பிளம்பர் அதைத் தலைகீழாக மாட்டியிருந்தார் என்பது வேறு விஷயம்.

நாத்தனார் வாங்கி எடை பார்த்தார். "என்ன இவ்வளவு கனமா இருக்கு? உள்ள என்ன?"

"திறந்து பாருங்க அண்ணி."

உள்ளே, ஒன்றன்மேல் ஒன்றாக, பிரிக்காத உப்புப் பொட்டலங்கள்.

"எங்க வீட்டில செலவாகலை" என்றார் உப்பு அக்கா.

நாத்தனார் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை எவ்வளவு நேரம் அடக்க முடியுமோ அவ்வளவு நேரம் அடக்கினார்.

"உள்ள வா. சூப் வச்சிருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் எங்களுக்கு உப்புப் போட்டேன்."

பிளம்பர் மெல்ல எட்டி மற்ற பாத்திரத்தைப் பார்த்தார்.

"டேய்," என்றார் நாத்தனார். "கையை எடு."